காவல் வீட்டு முதல் குடம்

அரசு வேலையில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக மிரட்டுவார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. நானே மனுப்போட்டு, ஆளைப் பிடித்து, சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். குடிநீர்த் துறையில் உதவிப் பொறியாளர் வேலை. காரைக்குடியைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்குக் குழாயில் தண்ணீர் அனுப்புவது என் பொறுப்பு. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வந்த வருஷம் பார்த்து ஐப்பசி பொய்த்தது. "தண்ணியில்லாக் காட்டுக்கு ஆசைப்பட்டு வந்த ஒரே ஆள் நீதான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தக் கோடை முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. செக்காலையில் குடியிருந்தோம். அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் மோட்டார் போட்டாலும் சோற்றில் வைத்த கையோடு காது கொடுப்பேன். தண்ணீர் ஏறுகிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று சத்தத்திலேயே தெரியும். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் 'ம்' கொட்டியபடி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குன்றக்குடி மலைப் பக்கம் ஒரு மேகம் கறுத்தால் வயிறு குளிரும். அது கலைந்து போய்விட்டால் கையில் கிடைத்தவர்மேல் எரிந்து விழுவேன். பெரும்பாலும் அது வீட்டுக்காரராக இருக்கும்.

இப்போது இதற்கெல்லாம் பருவநிலை மாற்றம் என்று பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது 'காலம் கெட்டுப்போச்சு' என்ற ஒரே சொல்தான். மழைக்கும் அதையே சொல்வோம், மருமகளுக்கும் அதையே சொல்வோம். மாரியம்மன் கோயில்காரர்கள் வீடு வீடாக மழைக்கஞ்சி எடுத்தார்கள். எங்கள் மாதா கோயிலில் ஜெபமாலை சொன்னார்கள். மேகம் இரண்டு பேருக்கும் வஞ்சனை இல்லாமல், பொதுவாக வராமல் இருந்தது.

ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் குழாயை இறக்கினோம். தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குழாய் போகும் வழியில் முதலில் இருந்த ஊர்களுக்கு நூல் பிடித்த மாதிரியாவது வந்தது. கடைக்கோடி ஊருக்குப் புஸ்ஸென்று காற்றுதான் வரும். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் வந்தாலும் உப்பாக வரும்.

அந்தக் கடைக்கோடி ஊரில் ஜீப் போய் நின்றாலே பெண்கள் குடங்களோடு சூழ்ந்துகொள்வார்கள். அவர்களில் ஒருத்தியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடுப்பில் கைக்குழந்தை, கையில் பச்சை பிளாஸ்டிக் குடம். ஒரு நாள் அந்தக் குடத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"ஆபீசரம்மா, இது வாயில வைக்கிற தண்ணியா? புள்ளைக்கு வயித்தால போகுது."

"டெஸ்ட் பண்ணியாச்சு. கொஞ்சம் உப்பு இருக்கு, அவ்வளவுதான். குடிக்கலாம்."

"குடிக்கலாமா? அப்ப இந்தாங்க, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

நான் குடத்தை வாங்கவில்லை. அவள் கண் என் தோளுக்குப் போனது. அங்கே என் தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுல இருக்கிறது எந்தக் குழாய்த் தண்ணி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஜீப்பில் ஏறினேன். வண்டி கிளம்பும்போது பின்னால் ஏதோ வந்து மோதிய சத்தம் கேட்டது. பச்சைக் குடம்தான். பிளாஸ்டிக் என்பதால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாட்டிலுக்குக் காரணம் உண்டு. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஊர் ஊராகப் போய் கண்ட தண்ணீரையும் குடித்து, மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பேனா என்று ஆகிவிட்டது. கீழாநெல்லியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான் என்னை எழுப்பி உட்கார வைத்தன. அதற்குப் பிறகு கொதித்து ஆறிய தண்ணீர் தவிர எதுவும் எனக்கு இறங்காது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் பாட்டில் கூடவே வரும். அம்மா வீட்டுக்கும் அப்படித்தான். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அம்மா சொம்பை நீட்டினாள். நான் பாட்டிலைத் தட்டிக் காட்டினேன். பிறகு அவள் நீட்டுவதை விட்டுவிட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் ஊர் அமராவதிபுதூரைத் தாண்டி உள்ளே திரும்புகிற செம்மண் சாலையில் இருக்கிறது. அப்பா இறந்தபிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள், கொஞ்சம் நிலமும் கோழிகளுமாக. அந்த ஊரில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடுகள் பாதி, மற்ற வீடுகள் பாதி. சாமி வேறு வேறு, ஊருணி மட்டும் ஒன்று. குடிக்க மட்டுமே அந்தத் தண்ணீர். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, செருப்போடு கரை ஏறக் கூடாது. முக்கியமாக, தண்ணீரில் கால் படவே கூடாது. படியில் நின்று குனிந்து மொள்ள வேண்டும். தண்ணீர் படியை விட்டு விலகிவிட்டால், சேற்றுக்கு மேல் பனைமரப் பலகையைப் போட்டு அதில் நின்று மொள்வார்கள்.

வறட்சி வந்தால் ஊருணிக்குக் காவல் உண்டு. ஒரு கம்பு வீடு வீடாக முறை வைத்துப் போகும். கம்பு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர் அன்று முழுக்கக் கரையில் இருப்பார். வீட்டுக்கு இத்தனை குடம் என்று பார்த்து விடுவார். சம்பளம் கிடையாது. விடிந்ததும் முதல் குடம் காவல் வீட்டுக்கு, அவ்வளவுதான் மரியாதை. இந்தக் கட்டுப்பாட்டால்தான் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தபோதும் அங்கே மட்டும் தண்ணீர் கிடந்தது.

அந்தத் தண்ணீர்மேல்தான் எனக்குக் கண். லாரியில் ஏற்றிக் கடைக்கோடி ஊருக்குக் கொடுத்தால் கொஞ்ச நாள் தள்ளலாம். அதற்குள் புதுக் கிணறு போட அனுமதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஊர் அம்பலத்திடம் போய்க் கேட்டேன். ஊர்ப் பெரிய மனிதர் அவர், வெள்ளை மீசை, மெதுவான பேச்சு. அம்மா அவரை அண்ணன் என்பாள், எனக்கு மாமா. அவர் ஊரைக் கூட்டிக் கேட்டார். முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் அவரே முடித்து வைத்தார்.

"தாகத்துக்குக் கேட்டா இல்லேன்னு சொன்ன ஊரு இல்ல இது. நம்ம ஊர்ப் பொண்ணு வேற கேக்குது. எடுத்துக்கிடட்டும். ஆனா ஆத்தா, கால் படக் கூடாது. அத மட்டும் பாத்துக்க."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். மறுநாளே லாரி வந்தது. பலகைமேல் நின்றுகொண்டு டிரைவர் ரப்பர்க் குழாயைத் தண்ணீரில் இறக்கினார். எஞ்சினைப் போட்டால் கத்துகிறதே தவிர சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. குழாயின் வாய் சேற்றில் புதைந்துவிட்டது. நான் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழு, இழு என்று அவசரப்படுத்தியதும் நான்தான். அந்த மனிதர் நல்ல மனசோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முழங்கால் ஆழத்தில் நின்று குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுத்துட்டேம்மா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காவலில் இருந்தவர் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது. டிரைவருக்கு எதற்காகக் கத்துகிறார்கள் என்று கடைசிவரை புரியவில்லை. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

சாவடியில் கூடினார்கள். நானும் போனேன். கால் பட்ட தண்ணீரைக் குடிக்க முடியாது, மழை பெய்து புதுத் தண்ணீர் வரும்வரை ஆடு மாட்டுக்கு விட்டுவிடுவது என்று பேச்சு போனது. ஒருவர் எழுந்து, "டிரைவர் என்ன ஆளுகன்னு விசாரிச்சீகளா?" என்றார். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நானும் எழுந்தேன்.

"ஏன், ஆளுக்குத் தக்கன கால் மாறுமா? நான்தான் அவர அனுப்புனேன். எங் காலுன்னே வச்சுக்கங்க."

"உக்காரு ஆத்தா" என்றார் அம்பலம். கேட்டவரைப் பார்த்து, "யார் காலும் காலுதான்யா. எம் பேரன் எறங்குனாலும் இதே பேச்சுத்தான்" என்றார். அந்த அளவில் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆனால் முடிவு மாறவில்லை. கால் பட்ட தண்ணீரை இன்னொரு ஊருக்குக் குடிக்கக் கொடுப்பதும் பாவம் என்று லாரியையும் நிறுத்திவிட்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தருகிறேன், கிருமி எல்லாம் செத்துவிடும் என்றேன். கிருமியைப் பற்றி இங்கே யார் பேசினார்கள் என்று கேட்டார்கள். மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டேன். பாதி ஊருக்கு அது சரி, மீதிப் பாதிக்கு என்ன செய்வாய் என்றார்கள். பதில் எல்லாம் அவர்களிடம் தயாராக இருந்தது, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை.

அன்றிலிருந்து மத்தளம் போல எனக்கு இரண்டு பக்கமும் இடி. இதுவரை குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ மட்டும் பிடித்த எங்கள் ஊர், இப்போது குடிக்கவும் அதையே பிடித்தது. வழியிலேயே இவர்கள் பிடித்துவிட, கடைக்கோடி ஊருக்குக் காற்றுகூட வராமல் நின்றது. நல்ல தண்ணீர் ஊருணியில் வெயிலுக்கு வற்றிக்கொண்டு கிடந்தது. அதன் கரையில் காவலும் நடந்துகொண்டிருந்தது! குடிக்காத தண்ணீருக்குக் காவல். எனக்கு நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டாள்கள், முட்டாள்கள் என்று ஜீப்பில் போகும்போதெல்லாம் வாய்விட்டுத் திட்டினேன். ராத்திரி தூக்கத்திலும் திட்டியதாக வீட்டுக்காரர் சொன்னார்.

காவல் முறை அம்மா வீட்டுக்கு வந்தது. அன்று காலையில் நான் வழியில் இறங்கி எட்டிப் பார்க்கப் போனேன். வாசல் நிலையில் கம்பைச் சாத்திவைத்துவிட்டு அம்மா அடுப்படியில் ஒரு செப்புக்குடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலங்கல் தெளிவதற்கு அப்படித் தேய்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"என்னம்மா தண்ணி இது?"

"காவல் வீட்டு மொதக் கொடம். எனக்கு உள்ளது. மொண்டுட்டேன்."

"ஊருக்குத் தெரியுமா?"

"பலகையில நின்னுதான் மொண்டேன். பாத்தவக பாத்திருப்பாக." குடத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணனுக்குச் சொல்லி விட்டுருக்கேன். கம்பத் திருப்பி வாங்கிக்கிடச் சொல்லி."

கம்பை முறை முடியும் முன்னால் திருப்பித் தருவதென்றால் அம்பலம் நேரில் வந்துதான் வாங்க வேண்டும். அவர் வந்தார், கூட இரண்டு பேர். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா பேச்சைத் தொடங்காமல் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அம்பலத்தின் முன்னால் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவருக்கு முதலில் தண்ணீர். கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றால் இந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். வாய்க்கால் வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிகள் பிரிந்தால்கூட, 'அவன் வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்' என்பதுதான் கடைசிச் சொல்.

அவர் சொம்பை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் கேட்டார். "எந்தத் தண்ணி தங்கச்சி?"

"ஊருணித் தண்ணிதாண்ணே. மறைச்சுக் குடுக்கல." அம்மா எதிரிலேயே நின்றாள். "குடிக்காத தண்ணிக்கு எதுக்குக் காவல்? ஒண்ணு, இதக் குடிங்க. இல்ல, கம்ப எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா எம் வீட்டுத் தண்ணி வேணாம்னு வச்சுட்டுப் போனீகன்னு நான் நாளைக்குச் சொல்லத்தான் செய்வேன்."

கூட வந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். அம்பலத்தின் கையில் சொம்பு அப்படியே இருந்தது. குடி, குடி என்று மனசுக்குள் அவரை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டால் ஊர் குடிக்கும், ஊர் குடித்தால் லாரி வரும். அம்மாவுக்கு இத்தனை சாமர்த்தியமா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அவர் சொம்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கிடந்த பாட்டிலைப் பார்த்தார்.

"நான் குடிக்கிறது இருக்கட்டும். ஆபீசர் குடிக்கட்டும் முதல்ல."

"நானா?"

"நீதான் ஆத்தா. கால் பட்ட தண்ணியக் குடிக்கலேன்னு ஊரு மேல அம்புட்டுக் கோபப்படுற. கால் படாதப்பவும் நீ குடிக்கலையே. ஒங்க ஆத்தா வீட்டுக்கு வாரப்பக்கூட தண்ணிய வெளியில இருந்துதான கொண்டு வார?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்குப் பரிந்து ஏதாவது சொல்வாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றாள். இத்தனை வருஷமும் அவள் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் சொம்பை நீட்டினார். வாங்கினேன். எனக்குப் பயமாக இருந்தது, அதில் வெட்கமில்லை. மஞ்சள் காமாலை வந்து கிடந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். தேங்கிய தண்ணீர், கொதிக்க வைக்காதது, மருந்து போடாதது. படித்ததெல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றது. அண்ணாந்து குடித்தேன். குளிர்ந்த தண்ணீர். தேத்தாங்கொட்டையின் இலேசான துவர்ப்பு, அதற்கு அடியில் மண்வாசம். சின்ன வயசில் குடித்த அதே ருசி. பாதிச் சொம்பு போனபிறகுதான் நிறுத்தினேன்.

அம்பலம் மீதித் தண்ணீரை வாங்கிக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "அவுகளுக்கும் குடு தங்கச்சி" என்று கூட வந்தவர்களைக் காட்டினார். கம்பை வாங்கவில்லை. வாசலில் இறங்கும்போது, "லாரி வரட்டும். இந்தத் தடவை பலகையில நீ நில்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அம்மா என் தோளிலிருந்து பாட்டிலை உரிமையாகக் கழற்றினாள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோழிச் சட்டியில் ஊற்றினாள். குடத்திலிருந்து மொண்டு, துணி வைத்து வடித்து, பாட்டிலை நிரப்பி மூடினாள். "வெயிலா இருக்கு. போற வழியில குடி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போ, போ, அங்குட்டுச் சனம் காத்துக்கிட்டுக் கிடக்கும்" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

நேராகக் கடைக்கோடி ஊருக்குப் போனேன். பெண்கள் வழக்கம்போல் சூழ்ந்துகொண்டார்கள். நாளைக் காலையில் ஊருணித் தண்ணீர் லாரியில் வரும் என்றேன். யார் முகத்திலும் அசைவில்லை. எத்தனை நாளைக்கு என்றார்கள்.

ஊருணியில் கிடப்பதை இரண்டு ஊரும் குடித்தால் மழைக்கு முன்னால் வற்றிவிடும் என்று எனக்குத் தெரியும். பின்னால் அப்படித்தான் வற்றியது. மழை வரும்வரை எல்லோரும் ஒன்றாக உப்புத் தண்ணீர் குடித்தோம். எங்கள் ஊரில் சிலர் அதை இன்றைக்கும் என்னிடம் சொல்லிக் காட்டுவார்கள். அன்று, "இருக்கிற வரைக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

பச்சைக் குடத்துக்காரி முன்னால் வந்தாள். குழந்தை அவள் தோளில் வாடிக் கிடந்தது.

"போன தடவையும் வரும்னுதான் சொன்னீக. அந்த ஊர்க்காரகதான் கால் பட்ட தண்ணியின்னு தொட மாட்டேங்கிறாகளாமே. அவுக வேணாங்கிற தண்ணியத்தான் எங்களுக்கு ஊத்தப் போறீகளா?"

"அவங்க இன்னைக்குக் குடிச்சிட்டாங்க."

"நீங்க?"

நான் பாட்டிலைக் கழற்றி, மூடியைத் திறந்து, அவள் பார்க்க ஒரு வாய் குடித்தேன். பிறகு பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள். குழந்தையை நிமிர்த்தி, அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது சப்புக்கொட்டியது.

"ஊருணித் தண்ணிதான்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். பாட்டிலைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், லாரி வந்து நிற்கும் இடத்தில் முதல் ஆளாக வைத்துவிட்டு வந்தாள்.